கரண்ட் வைத்தால் முட்டி வலி போகுமா?

(நம் சங்கத்தின் ஆண்டு சந்திப்பில், 1983–86 இயற்பியல் வகுப்பு மாணவரும் பிசியோதெரபிஸ்டுமான நண்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "மருத்துவ சம்பந்தமா கொஞ்ச நேரம் பேசு தம்பி" என்றார். "நான் டாக்டர் இல்லையே அண்ணே, பிசியோதெரபிஸ்ட்தானே" என்றேன். "முட்டி வலின்னா எல்லாரும் உங்கிட்டதான வாராங்க, அதையே பேசு" என்று போனை வைத்துவிட்டார். காலையில் வந்து இந்த அரங்கத்துக்கு ஏறும் படிக்கட்டின் பக்கத்தில் சும்மா ஒரு பத்து நிமிஷம் நின்றேன். கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். இதே படியை ஒரு காலத்தில் மூன்று மூன்றாகத் தாவியவர்கள் நாம். அண்ணன் சொன்ன தலைப்பு சரிதான் என்று அப்போதே முடிவு செய்தேன்.

டீ நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட ஏழெட்டு பேரும் கேட்டது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. "பத்து நாள் கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்க. கூட அல்ட்ராசவுண்டும் சேர்த்து வச்சா நல்லா கேக்குமாமே, வைக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறேன். அதில் முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் சொன்ன பதில் தப்பு. அதை மறைக்காமல் சொல்லலாம் என்றுதான் இந்த மேடையை ஒத்துக்கொண்டேன். வெளியூர் மேடையில் சொல்லக் கொஞ்சம் கூச்சம். இங்கே எனக்குக் கூச்சமில்லை. நான் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் பிப்பெட்டை வாயில் உறிஞ்சி முழுங்கியதைப் பார்த்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முதலில் நம் இயற்பியல் லேப். மாடியில் மேற்கு ஓரம், மழைக்கு ஒழுகும், ஞாபகம் இருக்கா? அங்கே ரெண்டு இசைக்கவையை எடுத்து, ஒன்றின் முனையில் கொஞ்சம் மெழுகை ஒட்டி, ரெண்டையும் ஒன்றாகத் தட்டச் சொல்வார் எங்கள் பேராசிரியர். ஓசை ஏறி ஏறி இறங்கும். அதற்குப் பெயர் விம்மல். ஒன்று 256, இன்னொன்று 252 என்றால் வினாடிக்கு நாலு விம்மல். பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்துபோனோம். அதே விம்மலைத்தான் இப்போது உங்கள் முட்டியில் ஐ.எப்.டி. என்று வைக்கிறோம்.

அது எப்படி என்றால், நம் தோல் சாதாரண மெதுவான கரண்டை லேசில் உள்ளே விடாது. அதிகம் கொடுத்தால் குத்தும், எரியும். அதிர்வெண்ணை 4000 அளவுக்கு ஏற்றினால் தோலின் தடை குறைந்துவிடும், கரண்ட் சுகமாக உள்ளே போகும். ஆனால் அவ்வளவு வேகத்துக்கு நரம்பு ஈடுகொடுத்துத் துடிக்க முடியாது. அதனால் முட்டியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக நாலு பேடு வைத்து, ஒரு ஜோடியில் 4000, மறு ஜோடியில் 4100 என்று விடுகிறோம். உள்ளே ரெண்டும் கலக்கும் இடத்தில் வினாடிக்கு நூறு விம்மல். நரம்புக்குப் புரிவது அந்த நூறுதான். ஆஸ்திரியாவின் ஹான்ஸ் நெமெக் என்பவர் 1950களில் கொண்டுவந்த யோசனை இது. டென்ஸ் என்று சின்னதாகப் பெட்டி விற்கிறார்களே, அதில் இந்த விம்மல் வேலை கிடையாது. நேரடியாகவே வினாடிக்கு எண்பது நூறு என்று துடிப்பு கொடுக்கும்.

கரண்ட் வைத்தால் வலி ஏன் குறையுது? வாசல் நிலையில் தலை இடித்தால் உடனே என்ன செய்கிறோம், பரபரவென்று தேய்த்துவிடுகிறோம் இல்லையா? தேய்க்கிற உணர்ச்சி தண்டுவடத்துக்கு முந்திக்கொண்டு போய், பின்னால் வரும் வலிக்கு வாசலைப் பாதி சாத்திவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார்கள். கரண்ட் செய்வதும் ஒரு வகையில் தேய்த்துவிடுகிற வேலைதான். இதில் ஒரு பழைய கதையும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமாபுரி வைத்தியர், கால் வாதம் வந்தவரைக் கடல் அலை நனைக்கும் ஈர மணலில் நிற்க வைத்து, பாதத்துக்குக் கீழே உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்க வேண்டும், முழங்கால் வரை மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். கரண்டுக்கு மீட்டர் வருவதற்கு முன்பே கரண்ட் வைத்தியம் வந்துவிட்டது!

அல்ட்ராசவுண்டு வேறு ஜாதி. அது கரண்ட் இல்லை, ஒலி. 1880இல் பாரிசில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி இருவர், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். அடுத்த வருஷமே அதைத் திருப்பியும் காட்டினார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் சுருங்கி விரியும். அதை வினாடிக்குப் பத்து லட்சம் தடவை செய்ய வைத்தால் அதுதான் ஒரு மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்டு. முதல் உலகப் போரின்போது பியர் கியூரியின் மாணவரான லாங்ஜெவின், நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க இந்தப் படிகத்தை வைத்துத் தண்ணீருக்குள் ஒலி அனுப்பினார். அந்தத் தொட்டியில் இருந்த மீன்கள் செத்து மிதந்தன. கையை விட்டவர்களுக்கு உள்ளே வலித்தது. உடம்புக்குள் இந்த ஒலி ஏதோ பண்ணுகிறது என்று தெரிந்தது அப்படித்தான்.

அந்த ஒலிக்குக் காற்று என்றால் ஆகாது. மெஷின் தலைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு நூல் அளவு காற்று இருந்தாலும் அப்படியே திரும்பிவிடும். அதற்குத்தான் ஜெல். அது மருந்து என்று நினைத்து, "கொஞ்சம் தாராளமா போடுங்க, வீட்டுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அது வெறும் கொழகொழ தண்ணீர்தான்.

இப்போ சேர்த்து வைக்கிற விஷயம். இதை ரெண்டு விதமாகச் செய்கிறார்கள். பல இடங்களில் நடப்பது, ஒரே சிட்டிங்கில் முதலில் அல்ட்ராசவுண்டு, பிறகு ஐ.எப்.டி. அல்லது டென்ஸ். இன்னொன்று, ரெண்டும் ஒரே நேரத்தில். அதற்கென்றே காம்பினேஷன் மெஷின் இருக்கிறது. அல்ட்ராசவுண்டு தலையே ஒரு மின்வாயாக வேலை செய்யும், இன்னொரு பேடு தொடையிலோ கெண்டைக்காலிலோ இருக்கும். தலையை நகர்த்த நகர்த்த ஒலியும் கரண்டும் ஒன்றாக இறங்கும். இப்படி வைக்கும்போது நாலு பேடு குறுக்கு வழிக்கு இடமில்லை. அதனால் விம்மல் உங்கள் முட்டிக்குள் உண்டாவதில்லை, மெஷினுக்குள்ளேயே உண்டாக்கி அனுப்புகிறார்கள். இன்னொரு சூட்சுமமும் உண்டு. மெஷினை நிலையான மின்னழுத்தத்தில் வைக்கணும். நிலையான கரண்டில் வைத்துவிட்டு, நகர்த்தும்போது தலை கொஞ்சம் தூக்கினால், தொடும் இடம் சிறுத்து அவ்வளவு கரண்டும் அந்தச் சின்ன இடத்தில் சுளீரென்று இறங்கும். பயிற்சிக் காலத்தில் என் தொடையிலேயே வைத்துப் பார்த்துத் துள்ளியிருக்கிறேன்.

இதற்குச் சொல்லும் நியாயம் என்ன? ஒலி திசுவைச் சூடாக்கித் தளர்த்தும், ரத்த ஓட்டம் கூடும், கரண்ட் வலியை அடைக்கும், ரெண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். வலி முடிச்சு எங்கே என்று தேடிப் பிடிக்கவும் உதவும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேல் நானும் இதை அப்படியே எல்லோருக்கும் ஒப்பித்தேன்.

இயற்பியல்காரனாகக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டியவன் நான். போடவில்லை. தசைக்குள் ஊசி வெப்பமானி வைத்து அளந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு மெகாஹெர்ட்ஸில் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை வாட் என்பது நல்ல அளவு. அதில் நிமிஷத்துக்குச் சுமார் 0.3 டிகிரிதான் ஏறுகிறது. அதுவும் மெஷின் தலையைப் போல ரெண்டு மடங்கு அகலமுள்ள சின்ன இடத்தில் மட்டும் வைத்தால். அஞ்சு நிமிஷத்தில் ஒன்றரை டிகிரி. முட்டியின் முன்பக்கம், ரெண்டு விலா, பின்பக்கம் எல்லாவற்றையும் அந்த அஞ்சு நிமிஷத்தில் சுற்றி வந்தால் ஒவ்வொரு இடத்துக்கும் என்ன கிடைக்கும்? தவிர, ஒலி எலும்பில் பட்டால் அங்கேயே பாதிக்கு மேல் நின்றுவிடும். சிரட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கும் குருத்தெலும்புக்கு அது போய்ச் சேர வழி ரொம்பக் குறைவு.

சரி, வலி எங்கிருந்து வருது? "தேய்மானம்" என்று சொல்லிச் சொல்லி உங்களை எல்லாம் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். "கிரீஸ் போயிடுச்சு" என்று இன்னும் மோசமாகச் சொல்வதும் உண்டு. மாட்டு வண்டி அச்சு மாதிரி, நடக்க நடக்கத் தேயும், அதனால் நடக்காதே என்று ஜனங்கள் எடுத்துக்கொள்கிறார்கள். குருத்தெலும்பில் வலி நரம்பே கிடையாது. வலி வருவது அடியில் உள்ள எலும்பிலிருந்து, மூட்டுறை வீக்கத்திலிருந்து, சுற்றியுள்ள தசையிலிருந்து. கெல்க்ரென், லாரன்ஸ் இருவரும் 1957இல் வகுத்த கணக்குப்படி எக்ஸ்ரேயை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறோம். நாலாம் தரப் படத்தோடு குற்றால மலை ஏறுபவரையும் பார்த்திருக்கிறேன், ஒன்றாம் தரப் படத்தோடு படுத்தே இருப்பவரையும் பார்த்திருக்கிறேன். படத்தைப் பார்த்து முட்டியை முடிவு கட்டாதீங்க.

இப்போ நான் சொல்ல வந்த ரெண்டு சம்பவம்.

முதல் சம்பவம் 1998. அப்போது நான் சொந்தமாக வைத்திருந்த இடத்தில் ஒரே அல்ட்ராசவுண்டு மெஷின். ஒரு நாள் ஓய்வாக இருந்தபோது, பயிற்சிக்கு வந்த பையனுக்குச் சோதிக்கும் முறையைக் காட்டலாம் என்று தலையை நிமிர்த்திப் பிடித்து நாலு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மெஷின் வேலை செய்தால் தண்ணீர் குதித்துக் கொதிப்பது போலத் தெரியும். தண்ணீர் அசையவே இல்லை. அளவைக் கூட்டினேன், அசையவில்லை. விளக்கு எரிகிறது, கடிகாரம் ஓடுகிறது, முடிந்ததும் மணி அடிக்கிறது. ஒலி மட்டும் இல்லை. எப்போதோ கீழே விழுந்து உள்ளே படிகம் விரிசல் விட்டிருக்கிறது. எத்தனை நாளாக என்று எனக்கும் தெரியாது, என் உதவியாளருக்கும் தெரியாது. அந்த வாரம் மட்டும் பதினைந்து இருபது பேருக்கு வைத்திருக்கிறேன். அதில் பாதிப்பேர் "இப்போ பரவாயில்லை சார், நல்லா கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காசைத் திருப்பிக் கொடுக்கணுமா? யாருக்கு? "உங்களுக்கு வச்சது வெறும் ஜெல்தான்" என்று சொன்னால் குறைந்த வலி திரும்பி வந்துவிடுமா? மறுநாள் மெஷினை ரிப்பேருக்கு அனுப்பினேன். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் பொதுவில் சொல்கிறேன்.

ஏழு வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை படித்தபோது அந்த ராத்திரி திரும்பி வந்தது. 2005இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் முட்டி மூட்டு வாதம் உள்ள 140 பேரை ரெண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி, மசாஜ், டேப் ஒட்டுவது என்று முழு பிசியோதெரபி. மறு பிரிவுக்கு அணைத்து வைத்த அல்ட்ராசவுண்டு மெஷினும் மருந்தில்லாத ஜெல்லும். பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் ரெண்டு பிரிவுக்கும் வலி ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்திருந்தது. நான் தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே, முறையாகச் செய்திருந்தார்கள். இதில் மெஷினுக்கு மட்டும் அடி இல்லை, எங்கள் முழுத் தொழிலுக்கும் ஒரு அடி இருக்கிறது. ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கேட்டு, முட்டியைத் தொட்டு, வாரத்துக்கு ஒருதரம் "எப்படி இருக்கு" என்று விசாரித்தாலே வலி குறைகிறது. அது பொய் வலி இல்லை, உண்மையாகவே குறைகிறது. ஆனால் அதற்கு விலை உயர்ந்த மெஷின் எதற்கு என்ற கேள்வி வருதா இல்லையா?

மற்ற ஆராய்ச்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடை போடும் காக்ரேன் அமைப்பு, 2009இல் முட்டிக்கு டென்ஸ் வகைக் கரண்டைப் பற்றிய 18 சோதனைகளை எடுத்துப் பார்த்தது. மொத்தம் 813 பேர்தான். பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2010இல் அல்ட்ராசவுண்டைப் பார்த்தது. அஞ்சு சின்னச் சோதனைகள், 341 பேர். கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்று எழுதியது. 2019இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி, முட்டிக்கு டென்ஸ் வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. 2022இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு டென்ஸ், ஐ.எப்.டி., அல்ட்ராசவுண்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்த்து, பலனுக்குப் போதிய ஆதாரமில்லை, கொடுக்க வேண்டாம் என்றது. ரெண்டையும் சேர்த்து வைப்பதைப் பற்றிய சோதனைகள் இன்னும் சிறியவை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கரண்ட், ஒவ்வொரு அளவு, பெரும்பாலும் சில வாரங்களோடு முடிந்துவிடும். சிலவற்றில் வலி கொஞ்சம் கூடுதலாகக் குறைந்ததாக வருகிறது. ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்து என்ன ஆனது என்பதுதான் நோயாளிக்கு வேண்டும். அது அதில் கிடைக்காது.

ரெண்டாவது சம்பவம் ஒரு பீடி சுற்றும் அம்மாவைப் பற்றியது. நம் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்களை உங்களுக்குத் தெரியும். மடியில் பீடித்தட்டு, காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் மதியம் வரை எழ மாட்டார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்த அம்மா முதலில் வந்தபோது ஐம்பது வயசுக்குள்தான் இருக்கும். ரெண்டு முட்டியும் வலி. நான் பத்து சிட்டிங் காம்பினேஷன் வைத்தேன். குறைந்தது. நாலு மாசத்தில் திரும்ப வந்தார்கள். மறுபடி பத்து. இப்படி வருஷத்துக்கு ரெண்டு மூன்று தடவை, ஆறு வருஷம். ஒவ்வொரு சிட்டிங்குக்கும் பஸ் ஏறி வந்து, என் இடத்தில் காத்திருந்து, திரும்பிப் போக அரை நாள். அரை நாள் கூலி போச்சு, அதோடு என் பீஸ். ஒரு தடவை கேட்டேன், "எப்படிம்மா இருக்கு?" என்று. "வச்ச உடனே ஒரு வாரம் சொகமா இருக்கு தம்பி. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2001 என்று நினைவு. அந்த அம்மாவைப் பெஞ்சில் படுக்க வைத்துப் பேடு கட்டும்போது தொடை கண்ணில் பட்டது. இஞ்சு டேப் எடுத்து, சிரட்டைக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டரில் அளந்தேன். வலது தொடை இடதை விட நாலு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. "தரையிலிருந்து எப்படிம்மா எழுந்திரிக்கீங்க?" என்று கேட்டேன். "மருமவ தூக்கி விடுவா" என்றார்கள். ஆறு வருஷமாக என் கண் முன்னால் அந்தத் தசை கரைந்திருக்கிறது. நான் அதன் மேலேயே ஜெல் தடவிக்கொண்டு இருந்திருக்கிறேன். தொடை முன்தசைக்கு ஒரு பயிற்சி, ஒரே ஒரு பயிற்சி, உருப்படியாகச் சொல்லிக் கொடுத்து அது நடக்கிறதா என்று நான் பார்த்ததில்லை. ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதைக்கூடக் கேட்டதில்லை.

அன்றைக்கு மெஷினை எடுக்கவில்லை. ஒரு உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, எழுந்து உட்காரச் சொன்னேன். மூன்று தடவை முடிந்தது. வாரம் ஒருநாள் மட்டும் வரச் சொன்னேன், பீஸ் வாங்கவில்லை. பெரிய தர்மம் ஒன்றுமில்லை, வாங்கியதைக் கொஞ்சம் திருப்பினேன் அவ்வளவுதான். தரையை விட்டுப் பலகையில் உட்கார்ந்து சுற்றச் சொன்னதற்கு, "தட்டு நிக்காது தம்பி" என்றார்கள். பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குட்டை முக்காலி, காலை நீட்டி வைக்க ஒரு மணை, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து வாசல் வரை ஒரு நடை. வலி முழுசாகப் போகவில்லை. ஆனால் நாலு மாசம் கழித்து மருமகள் தூக்கிவிடாமல் எழுந்தார்கள். அதற்குப் பிறகு பத்து சிட்டிங் கேட்டு வந்ததே இல்லை. மருமகளுக்குக் கழுத்து வலி என்று ஒருதரம் கூட்டி வந்தார்கள்.

பயிற்சியைப் பற்றியும் மிகைப்படுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. அதைப் பற்றிக் காக்ரேன் 2024இல் திருத்திய ஆய்வில், வலியும் நடமாட்டமும் சற்று முன்னேறுகிறது, ஆனால் நாம் நினைத்திருந்த அளவு பெரிய முன்னேற்றமா என்பது சந்தேகம் என்றே சொல்லியிருக்கிறது. ஆனாலும் தொடைக்குப் பலம் வந்தால் அது உங்களோடு வீட்டுக்கு வரும். மெஷின் என் ரூமிலேயே இருக்கும். உடம்பு எடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 2005இல் அமெரிக்காவில் அளந்து பார்த்ததில், ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைந்தது. அஞ்சு கிலோ குறைத்தால் இருபது. நாம் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி எடுத்து வைக்கிறோம், பெருக்கிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டில் ரெண்டு பாயசம் என்று கேள்வி, அதனால் இதற்கு மேல் பேசவில்லை.

அப்படியானால் மெஷினை மூட்டை கட்டிவிட்டேனா? இல்லை. இப்போதும் வைத்திருக்கிறேன். வலி அதிகமாகி, காலை அசைக்கவே பயப்படுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு முதல் மூன்று நாலு தடவை கரண்ட் வைக்கிறேன். வைத்து முடித்து வலி மந்தமாக இருக்கும் அந்த அரைமணிக்குள் எழுப்பிப் பயிற்சி செய்ய வைக்கிறேன். படுத்துக்கொண்டு வாங்கிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போவது என் இடத்தில் கிடையாது. எதற்காக வைக்கிறேன், எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாலு தடவையில் தெரியாத பலன் நாற்பதாவது தடவையில் வராது. "இருபது சிட்டிங் பேக்கேஜ், முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று யாராவது சொன்னால், மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். எங்கள் தொழில்காரர்கள் சிலருக்கு நான் இப்படிச் சொல்வது பிடிக்காது. பரவாயில்லை.

வைத்துக்கொள்கிறவர்கள் சில விஷயத்தை நீங்களாகவே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். யாரும் கேட்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள். இருதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கரண்ட் கூடாது. கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து வீங்கியிருந்தால் ரெண்டுமே கூடாது. புற்றுநோய் இருந்த இடத்தின் மேலும் கூடாது. முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் கட்டாயம் சொல்லணும். முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள், இந்த அரங்கில் பாதிப்பேர் என்று நினைக்கிறேன். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் கரண்டும் ஏறுவது உங்களுக்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், பஞ்சு பேடு காய்ந்துபோனதைக் கவனிக்காமல் வைத்து, ஒரு பெரியவருக்குத் தோல் வெந்துவிட்டது. அவர் கடைசிவரை "ஒண்ணும் தெரியலையே, கொஞ்சம் கூட்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். புண் ஆற ஏழு வாரம் ஆனது. வைப்பதற்கு முன் ஒரு சோதனைக் குழாயில் சுடுதண்ணி, ஒன்றில் பச்சைத்தண்ணி வைத்துத் தொட்டு, "எது சூடு?" என்று கேட்க ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. உங்களிடம் கேட்காவிட்டால் நீங்கள் கேட்கச் சொல்லுங்கள்.

ராத்திரி தூங்கவிடாத வலி, முட்டி சிவந்து சூடாக வீங்குவது, காய்ச்சல், நடக்கும்போது பூட்டிக்கொண்டு நகராமல் போவது, இதெல்லாம் இருந்தால் என்னிடமும் வராதீர்கள், மெஷினிடமும் போகாதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடிக்கிறேன், ஆனால் உங்களைச் சும்மா விடப்போவதில்லை. இப்போ ஒரு சோதனை. மடக்கு நாற்காலியில் இருப்பவர்கள் சுவரோரம் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், சறுக்கக் கூடாது. தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மற்றவர்கள் நாற்காலியின் நடுவுக்கு வாருங்கள். பாதம் ரெண்டும் தரையில் பதியட்டும். ரெண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக எழுந்து, முழுசாக உட்காரணும். முப்பது வினாடியில் எத்தனை தடவை என்று நீங்களே எண்ணுங்கள். கை ஊன்றினால் கணக்கில் சேராது. அறுபதிலிருந்து அறுபத்து நாலு வயசில் ஆண்களுக்குப் பதினாலுக்குக் கீழே, பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு என்று அர்த்தம். குறைந்தவர்கள் பயப்பட வேண்டாம், சாப்பாட்டுக்கு அப்புறம் நான் வேப்பமரத்தடியில்தான் இருப்பேன். வந்தால் பயிற்சி சொல்லித் தருகிறேன். மெஷின் எதுவும் கொண்டு வரவில்லை.

அண்ணே, மணி பாருங்க. முன் வரிசையில் நம் பேராசிரியரும் தயாராகிவிட்டார். எல்லோரும் எழுந்திரிங்க. ஒன்று...